கருப்பசாமியும் பி பன்னிரண்டும்

1

போன வருஷம் சிவராத்திரிக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் காலில் ஒரு முள் ஏறியது. ஏறியது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எங்கள் குலசாமி கருப்பசாமி. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரைக்குக் கீழே, கூரை இல்லாமல் நிற்கிறார். கூரை போடட்டுமா என்று தலைமுறைக்கு ஒருவர் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சுற்றிலும் சீமைக்கருவேலங்காடு. வேன் நிற்கிற இடத்திலிருந்து சாமி வரைக்கும் செருப்பில்லாமல்தான் போக வேண்டும். நானும் நடந்தேன். ஜெர்மனிக்காரன் ஆகிவிடவில்லை என்று நிரூபிக்க எனக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே வாய்ப்பு அது.

பொங்கல் பானையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்த என் அக்கா, நான் வந்த தடத்தைப் பார்த்தாள்.

"ஏலே, குங்குமத்தைக் கொட்டிக்கிட்டே வந்தியா?"

குங்குமம் இல்லை. மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், என்னை ஒரு கல்லில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே, சதையில் பாதி வரைக்கும் ஒரு கருவேல முள். அவர் பிடுங்கினார்.

"வலிக்குதா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"பாத்தியளா!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சீமைக்குப் போயி இத்தன வருசம் ஆகியும் கரிசக்காட்டுக் காலு கரிசக்காட்டுக் காலுதான்யா!"

கூட்டம் ஆமோதித்தது. எனக்கும் ஒரு விநாடி பெருமையாக இருந்தது. புகழ்ச்சிக்கு நான் எப்போதும் மலிவாகக் கிடைக்கிறவன். அடுத்த விநாடி மச்சானின் விரலிடுக்கில் இருந்த முள்ளின் நீளத்தைப் பார்த்தேன். அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. செருப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆணி அவர் குதிகாலைக் குத்திப் புண்ணாக்கியது. "வலிக்கலைல, அப்புறம் என்ன?" என்று சொல்லிக்கொண்டே மில்லுக்குப் போய்வந்தார். மதுரைக்குக் கொண்டுபோனபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை.

அவருக்கும் வலிக்கவில்லை. அதுதான் எனக்கு அன்று சாமி முன்னால் நின்றபோது தோன்றிய ஒரே வாக்கியம். பொங்கல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம்: கறிக்குழம்பு வாசத்துக்கு வழிமாறிப் போகிற ஆள் என்று பெயரெடுத்த நான் எப்படிக் கவுச்சியை விட்டேன்?

அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பு மில்லில் மெஷின் மராமத்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மெஷினைச் செய்கிற கம்பெனியே ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டது. அன்றிலிருந்து ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே ராச்சாப்பாடு என்றால் ஆறிய ரொட்டி. இந்த ஊர்க்காரர்கள் அதை முகம் மாறாமல் சாப்பிடுகிறார்கள். நான் முதல் வாரமே கடை கடையாய் அலைந்து அரிசி மூட்டை கண்டுபிடித்துவிட்டேன். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, வானம் பார்த்த பூமியில் நாள் முழுக்கக் களை எடுத்தவன் சாப்பிடுகிற சோற்றைச் சாப்பிட்டேன். என் பாட்டன் கம்பும் சோளமும் தின்றவர். அரிசிச் சோறு அவருக்குத் தீபாவளி. பஞ்சத்துக்கே பழகிய எங்கள் உடம்பு மூன்று வேளைச் சோற்றை என்ன செய்வதென்று தெரியாமல் ரத்தத்திலேயே போட்டுவைத்திருக்கிறது என்று ஒரு கட்சி சொல்கிறது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. பழி பாட்டன் மேல் போகிறது அல்லவா.

சர்க்கரை என்று தெரிந்த அன்று இங்குள்ள எங்கள் டாக்டரம்மா, "எவ்வளவு அரிசி சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். "கொஞ்சம்தான்" என்று கையால் காட்டினேன். அவர் ஒரு கைப்பிடி என்று எடுத்துக்கொண்டார். நான் காட்டியது கிண்ணத்தின் வாயகலம்.

மாத்திரை எழுதினார். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் உறை நிறையப் போட்டுக் கொடுப்பார்களே, அதே மெட்பார்மின். என் அக்கா பாலவனத்தத்தில் எனக்கு முன்பிருந்தே அதைப் போடுகிறாள். சர்க்கரையில் அவள் எனக்குச் சீனியர். சேதி தெரிந்ததும் போன் போட்டாள்.

"கவலப்படாத. கருப்பசாமிகிட்ட நேந்துக்கிட்டேன். சக்கரை எறங்கிட்டா ஆயுசுக்கும் கவுச்சி தொட மாட்டேன்னு சொல்லியாச்சு."

"யாரு, நீயா?"

"நான் எதுக்கு? சக்கரை ஒனக்குத்தானே வந்திருக்கு?"

"நாக்கு என்னோடதுக்கா. நேந்துக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டா சரின்னுருப்பியாக்கும்!"

கிடா வாங்குகிற சாமியிடம் போய்க் கவுச்சியை விடுகிறேன் என்று நேர்வது, டீக்கடைக்காரரிடம் போய் டீயை நிறுத்திவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொல்வது மாதிரி. ஆனால் சாமி ஒப்புக்கொண்டார். சர்க்கரை இறங்கியது. மாத்திரை, நடை, சோற்றைக் குறைத்தது என்று டாக்டரம்மா மூன்று காரணம் சொன்னார். அக்கா ஒரே காரணம் சொன்னாள். நான் கவுச்சியை விட்டேன். கவுச்சி என்றால் மீன், கறி, கருவாடு, முட்டை, எல்லாம்.

பாலை விட்டது வேறு கதை. என் மகள் யாழினி இங்கே பள்ளியில் சேர்ந்த சிநேகிதங்களோடு, பாலும் தேனும்கூடத் தொடாத உணவுக்காரி ஆகிவிட்டாள். மாடுகள் பாவம், பூமி பாவம். நான் கறியை விட்டதைப் பார்த்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, நீங்களுமா?" அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கருப்பசாமி பேச்சை எடுக்க மனம் வரவில்லை. "ஆமா" என்றேன். அந்த ஒரு ஆமாவில் பால், தயிர், மோர், நெய் எல்லாம் போயின. மகள் மாட்டுக்காக, நான் சாமிக்காக, ஒரே பீன்ஸ் பொரியலைச் சாப்பிட்டோம். என் மனைவி செல்வி ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில், குளிரில், கோட்டுப் போட்டுக்கொண்டு தனியாக மீன் வறுத்துச் சாப்பிட்டாள். வீட்டில் ஒருத்தராவது மனுஷராக இருக்க வேண்டும் என்று சொன்னாள்.

சில வருஷம் இப்படிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த முள்.

3

ஊரிலிருந்து திரும்பியதும் நேரே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. பயந்தவன் முதலில் தள்ளிப்போடுகிறது டாக்டரைத்தான். அதற்குப் பதில் தினமும் பாதத்தை உருட்டி உருட்டிப் பார்த்தேன். புண் ஆறியது. பயம் ஆறவில்லை. பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. தரை மெத்தென்று இருந்தது, பஞ்சுப் பொதி மேல் நடப்பதைப் போல. இது உவமை என்று நினைக்காதீர்கள். மில்லில் பஞ்சுப் பொதி மேல் உண்மையிலேயே நடந்தவன் நான். அதே மெத்து.

பிறகு வார்த்தைகள் போகத் தொடங்கின. ஜெர்மன் வார்த்தை போனால் கவலையில்லை. அது முழுதாக வந்ததே கிடையாது. ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டு செல்வியிடம், "அதை எடு, அது... குழம்பு அள்ளுறது" என்றேன். கரண்டி என்கிற சொல் வரவில்லை. செல்வி கரண்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்கே போறீங்க" என்றாள்.

நாளைக்கே என்பது தமிழ்நாட்டு வழக்கம். இங்கே எதற்கும் முன்பதிவு வேண்டும். போன் போட்டேன். வரவேற்பில் இருந்த பெண் என்ன தொந்தரவு என்று கேட்டாள். கால் உணர்வில்லை என்று சொல்ல நினைத்து, "என் காலைக் காணவில்லை" என்று சொல்லிவிட்டேன். அவள் நிதானமாக, "எப்போதிலிருந்து?" என்று கேட்டாள். நரம்பு நிபுணருக்குக் கோடைக்குப் பிறகுதான் இடம் இருந்தது. டாக்டரம்மா மட்டும் அந்த வாரமே வரச் சொன்னார்.

அவரிடம் என் ஓட்டை ஜெர்மனில், "காலில் எறும்பு நடக்கிறது" என்று அப்படியே தமிழைப் பெயர்த்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர்களும் அதை எறும்பு என்றுதான் சொல்வார்களாம். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக நான் சொன்னது அப்படியே புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவர் முகம் அப்படி இருந்தது.

தட்டினால் அதிர்கிற ஓர் இரும்புக் கவையைத் தட்டி என் கால் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்."

நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். கடைசியில் நான், "தொடங்கிவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

அது அடித்து ஓய்ந்தே போயிருந்தது.

எழுந்து நிற்கச் சொன்னார். இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். யாரோ தரையை என் காலடியிலிருந்து உருவினார்கள். கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மாவின் சின்ன உருவம் என் புஜத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது.

"சர்க்கரைதானே?" என்றேன். "என் அப்பாவுக்கு வந்தது மாதிரி. காலை எடுத்துவிடுவார்களா?"

"உங்கள் சர்க்கரை நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். "அதனால்தான் யோசிக்கிறேன். இவ்வளவு நல்ல சர்க்கரைக்கு இவ்வளவு மோசமான கால் பொருந்தவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள்?"

இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது. பி பன்னிரண்டு என்று ஒரு வைட்டமின். நரம்பைச் சுற்றியிருக்கிற உறையைப் பழுதாகாமல் காக்கிறது அதுதான். அது கறி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் இருக்கிறது. செடிகொடியில் நம்பத்தகுந்த அளவுக்குக் கிடையாது. நான் அந்த நான்கையும் விட்டிருந்தேன். போதாததற்கு அந்தச் சர்க்கரை மாத்திரை, உள்ளே வருகிற கொஞ்சநஞ்சத்தையும் குடல் எடுத்துக்கொள்ள விடாதாம். எல்லாருக்கும் இல்லை, வருஷக்கணக்கில் போடுகிறவர்களில் சிலருக்கு.

"அப்படியானால் ஏன் முதல் வருஷமே தெரியவில்லை?"

கல்லீரல் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கும், அதிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்றார். மில்காரனுக்கு இது புரியும். கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், நல்ல பஞ்சு இருக்கிறவரை, வெளியே என்ன மோசமான பஞ்சு வாங்கினாலும் கலந்து ஓட்டிவிடலாம். நூல் அறுகிற அன்றைக்குத்தான் கிட்டங்கி காலி என்று தெரியும்.

"ரத்தசோகையாவது வந்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம்" என்றார். "நீங்கள் கீரை நிறையச் சாப்பிடுவீர்களா?"

தினமும். முருங்கைக்கீரை உடம்புக்கு நல்லது என்று ஊருக்கே உபதேசம் செய்திருக்கிறேன். அந்தக் கீரையில் இருக்கிற சத்து ரத்தத்தை ஓரளவு சரியாகக் காட்டி, உள்ளே நரம்பு கெடுவதை மறைத்திருக்கலாமாம். பயத்தில் நான் செய்த ஒவ்வொரு நல்ல காரியமும் வரிசையாக வந்து என் காலில் நின்றது.

"நரம்பு திரும்புமா?"

"சிலருக்குத் திரும்பும். சிலருக்குப் பாதி. நீங்கள் தாமதமாக வந்திருக்கிறீர்கள்."

டாக்டர்கள் பொய் சொல்லாத நாட்டில் வாழ்வதன் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது.

4

ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து யாழினியிடம் சொன்னேன். அவள் தன் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நான் டெய்லி போடுறேன்பா. இப்படிச் சாப்பிடுற எல்லாரும் போடணும். உங்ககிட்டயும் சொன்னேன்ல?"

சொல்லியிருக்கிறாள். மாத்திரை போட்டால்தான் முழுமையாகும் சாப்பாடு ஒரு சாப்பாடா என்று நான் அன்றைக்கு அரைமணி நேரம் நகைச்சுவையாகப் பேசியிருந்தேன். நன்றாகப் பேசியதாக ஞாபகம்.

"அப்பா, நீங்க மாட்டுக்காகத்தானே விட்டீங்க?"

இனி ஒளிக்க முடியாது. "இல்லம்மா. கருப்பசாமிக்காக."

"யாரு அது?"

"நம்ம குலசாமி."

"அவரு மீட் சாப்பிட மாட்டாரா?"

"சாப்பிடுவாரே. கிடா."

யாழினி மாத்திரைப் புட்டியை என் பக்கம் தள்ளிவைத்தாள். பிறகு, "தாத்தா கால் மாதிரி ஆகுமா?" என்று கேட்டாள். தாத்தாவை அவள் பார்த்ததே கிடையாது. ஊரில் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வேட்டியின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதை அவள் கவனித்திருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஆகாது" என்றேன். இந்த நாட்டில் பிறந்தவளாதலால் அவள் நம்பவில்லை.

5

அக்காவிடம் சொன்னதும் அவளுடைய முதல் கேள்வி: "அந்த ஊசிய எதுல செய்றாக?"

"கிருமிய வளத்து, அதுல இருந்து எடுக்கிறாகளாம்."

"கிருமி கவுச்சியில சேருமா சேராதா?"

எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. ஊசியோடு முட்டை, மீன், பால் என்று ஏதாவது சாப்பிட்டால் நல்லது என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். "அப்ப நாந்தான் ஓங் காலை வாங்கிட்டேனாடா?" என்றாள்.

"இல்லக்கா. மாத்திரையும் சேந்து..."

"நேந்தது நானு. நானே போயிக் கேக்குறேன்."

எங்கள் பக்கம் சாமியிடம் உத்தரவு கேட்பதென்றால் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளை அரளி ஓர் இலையில், சிவப்பு அரளி ஓர் இலையில், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிச் சாமி காலடியில் உருட்டிவிடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தால் வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் மறுப்பு. அக்கா போனைப் பிடித்துக்கொண்டு எனக்கு வீடியோவில் காட்டினாள். பூசாரி குனிந்து கையை நீட்டினார். அந்த இடத்தில் படம் உறைந்தது. திருச்சுழிக் காட்டில் சிக்னல் அப்படித்தான். நான் ஜெர்மனியில் பூசாரியின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படம் திரும்பியபோது இலையில் சிவப்பு இருந்தது.

"பேச்சுன்னா பேச்சுங்கிறாரு" என்று பூசாரியின் குரல் கேட்டது. "விட மாட்டேங்கிறாரு தாயி."

நான் நாலு எழுத்துப் படித்தவன். வைட்டமின் இன்னது, நரம்பு இன்னது என்று இப்போது வகுப்பே எடுப்பேன். ஆனாலும் அன்று முழுக்க செல்வி வைத்துவிட்டுப் போன முட்டையைத் தொடப் பயந்தேன். காலை எடுக்கிறவர் டாக்டரா சாமியா என்று நிச்சயமாகத் தெரியாதவரை இருவரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த வாரம் அக்கா கூப்பிட்டாள். "வெள்ளை வந்துருச்சு. நீ சாப்பிடு."

"எப்படிக்கா மனசு மாறுனாரு?"

"கேக்குற மாதிரி கேட்டா குடுப்பாருடா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. முதல் முட்டையை யாழினிதான் அவித்தாள். இடுக்கியால் எடுத்து, தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து, என் தட்டில் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

6

இப்போது அடுத்த சிவராத்திரி வந்துவிட்டது. ஊசி தொடர்கிறது. கரண்டி திரும்பி வந்துவிட்டது. வலது பாதத்தில் சில நாட்களாகச் சுருக் சுருக்கென்று ஒரு வலி. நல்ல அறிகுறியாக இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. இடது பாதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. இந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை. டாக்டரம்மா செருப்பில்லாமல் நடக்க விட மாட்டார், கருப்பசாமி செருப்போடு விட மாட்டார்.

வர முடியாது என்று சொல்ல மச்சானைக் கூப்பிட்டேன்.

"நீ இருந்தாத்தான் மாப்ள கறிக்கு மரியாதை" என்றார். "ஒங்கக்காவும் இப்ப தின்கிறதில்ல."

"ஏன் மச்சான்?"

"ஒனக்குத் தெரியாதா? அந்த வெள்ளைப் பூ வந்த அன்னைல இருந்து ஒரு துண்டு தொட்டதில்ல. கொழம்பு வக்கிறதோட சரி."

போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் மறைக்கவில்லை.

"சாமிக்கு நம்ம வீட்டுல ஒரு நாக்கு வேணும். ஓன் நாக்கா இருந்தா என்ன, என் நாக்கா இருந்தா என்ன? மாத்திக்கிறியான்னு கேட்டேன். ஒடனே வெள்ளை வந்துச்சு."

"அக்கா, நீ அதே மாத்திரையத்தானே போடுற? எனக்கு முன்னாடியிருந்து?"

"ஆமா. ஒரு நாள் தவறினதில்ல."

"பாலாச்சும் குடிக்கிறியா?"

"பாலெல்லாம் சொசைட்டிக்கு ஊத்தியாகுது. சக்கரை வந்த நாள்ல இருந்து நமக்குக் கடுங்காப்பிதான், அதுவும் சீனி போடாம." குரலில் பெருமை இருந்தது.

"முட்டை?"

"கவுச்சின்னா முட்டையும் சேத்துத்தாண்டா. சாமிகிட்ட ஏமாத்துச் சோலி ஆகாது."

எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "காலு எப்படிக்கா இருக்கு?" என்றேன்.

"காலுக்கென்ன, ரெண்டு இருக்கு." சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஏலே, அதை ஏன் கேக்குற! நேத்து அருப்புக்கோட்டைக்குப் போயிட்டு பஸ்ஸுல வந்து எறங்கி, வீட்டுக்கு நடந்து வாரேன். வாசல்ல செருப்பைக் கழட்டப் போறேன், கழட்டுறதுக்கு ஒண்ணுதாண்டா இருக்கு! இன்னொண்ணு பஸ்ஸுல விழுந்துச்சோ, ரோட்டுல விழுந்துச்சோ, அந்தக் கருப்பனுக்குத்தான் வெளிச்சம். அம்புட்டுத் தூரமும் ஒத்தச் செருப்போட வந்திருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி இன்னும் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கா."

அவளும் சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, நான் சேர்ந்து சிரிக்கக் காத்திருந்தாள்.

"என்னடா, லைன்ல இருக்கியா?"

"மச்சான்கிட்ட போனைக் குடு" என்றேன்.